அச்சா, மின்னூலா, ஒலிநூலா? திருகோணமலையில் வாசிப்பவருக்கு எது எதற்குத் தோது

மட்டிக்களி (#1)

வணக்கம். அச்சுப் புத்தகம், மின்னூல், ஒலிநூல் மூன்றையும் ஒப்பிட்டு இணையத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் வாசிப்பவரை எண்ணி எழுதியவை. எந்த நூலும் மூன்று வடிவிலும் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டே பேசுகின்றன. தமிழில், அதிலும் ஈழத்து நூல்களில், நிலைமை அப்படியில்லை. எங்கட உப்புக்காற்றும் மாரியும் கச்சான் வெயிலும் அந்தக் கட்டுரைகளில் வரவே வராது.

இங்கே நூல் பராமரிப்புத் தெரிந்தவர்களும் கணினித் தமிழில் பழகியவர்களும் ஒலிப்பதிவு செய்பவர்களும் இருக்கிறீர்கள். எந்த வகை நூலை எந்த வடிவில் வாசிக்கலாம், எது எங்கே கைவிடும் என்று விபரமாக எழுதுங்கள். புத்தக வாசனை பிடிக்கும் பிடிக்காது என்ற கதையை இந்த இழையில் விட்டுவிடுவோம்.

உவர்மலை (#2)

நல்ல கேள்வி, தங்கச்சி. கருவியைப் பற்றிப் பேசமுதல் கோப்பைப் பற்றிப் பேசவேண்டும். தமிழில் "மின்னூல்" என்ற ஒரே பெயரில் நாலு வெவ்வேறு பொருள் புழங்குகிறது. எது கையில் இருக்கிறது என்று தெரியாமல் கருவி வாங்குபவர்கள்தான் பிறகு ஏமாறுகிறார்கள்.

ஒரு சின்னப் பரிசோதனை போதும். பிடிஎஃபைத் திறந்து ஒரு சொல்லை அழுத்திப் பிடித்துத் தெரிவுசெய்யுங்கள். தெரிவே ஆகவில்லை என்றால் அது பக்கங்களின் படம். நூலகம் எண்ணிம நூலகத்தில் (2005இல் தொடங்கியது) உள்ள ஈழத்து நூல்கள், சஞ்சிகைகளில் பெரும்பாலானவை இந்த வகை. எழுத்தைப் பெருப்பிக்க முடியாது, பக்கத்தைத்தான் பெருப்பிக்கலாம். தேடவும் முடியாது, கைபேசி வாசித்துக் காட்டவும் மாட்டாது. ஆனால் பக்கம் அச்சில் இருந்தது இருந்தபடி இருக்கும். அச்சில் இனிக் கிடைக்காத நூல்களுக்கு இதைவிட வேறு வழியும் இல்லை.

சொல் தெரிவாகிறது, ஆனால் செய்திப் பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது, புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கிறது என்றால் அது பாமினி. இலங்கையில் பல காலம் பதிப்பகங்களும் பாடசாலைகளும் அலுவலகங்களும் தட்டச்சு செய்தது அந்த எழுத்துருவில்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது தமிழே இல்லை. பாமினியிலிருந்து, எல்லாக் கருவிக்கும் விளங்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. பத்திகளை வெட்டி ஒட்டி மாற்றலாம். இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும், மாற்றியபிறகு ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, ஒட்டினால் தமிழ் வருகிறது, ஆனால் கொம்பு தனியாகவும் எழுத்துத் தனியாகவும் இடம்மாறி நிற்கிறது. யூனிகோடில் செய்து பிடிஎஃப் ஆக்கிய நூல்களில் இது அடிக்கடி நடக்கும். பிடிஎஃப் எழுத்து வடிவங்களைத் திரையில் தெரியும் வரிசையில் வைப்பதால் "கொ" என்பதன் துண்டுகள் பிரிந்துபோகின்றன. இதைத் திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். அதே நூலின் இபப் (EPUB) அல்லது இணையப்பக்க வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நாலாவதுதான் சரியான மின்னூல்: யூனிகோடில் உள்ள இபப். எழுத்தைப் பெருப்பிக்கலாம், தேடலாம், கைபேசியைக் கொண்டு வாசிக்க வைக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் யூனிகோட் இணையப்பக்கங்களாக உள்ளன. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் நூல்களை இபப் ஆகவும், 6 அங்குலத் திரைக்கென்று பக்கம் அமைத்த பிடிஎஃபாகவும் தருகிறது.

ஆக, அச்சையும் மின்னூலையும் ஒப்பிடுவது என்றால் எந்த மின்னூல் என்று முதலில் சொல்லவேண்டும். பக்கப் படத்துக்கும் இபப்புக்கும் உள்ள தூரம், இபப்புக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தைவிடக் கூட.

பாலையூற்று (#3)

உவர்மலை அண்ணா சொன்ன பக்கப் படங்களை எந்தத் திரையில் வாசிக்கலாம் என்று ஒரு கணக்கு.

சாதாரண நாவல் அளவான டெமி புத்தகம் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஓரத்தை விட்டால் எழுத்துள்ள பகுதி ஏறக்குறைய 10.5 × 17.5 செ.மீ. 6 அங்குல மின்னூல் வாசிப்புக் கருவியின் திரை 9 × 12 செ.மீ. முழுப்பக்கத்தையும் அகலத்துக்குப் பொருத்தினால் 64 சதவீதமாகச் சுருங்கும்: 10 புள்ளி எழுத்து 6.4 புள்ளி ஆகிவிடும். தமிழில் அந்த அளவில் ண, ன வேறுபாடே மங்கிப்போகும். ஓரத்தை வெட்டினால் 86 சதவீதம், அதாவது 8.6 புள்ளி. வாசிக்கலாம், ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு திரை தேவை. கருவியைக் கிடையாகத் திருப்பினால் 114 சதவீதம், அச்சைவிடப் பெரிசாகத் தெரியும். பக்கத்துக்கு மூன்று முறை தட்டவேண்டும், அவ்வளவுதான்.

7.8 அங்குலத் திரையில் ஓரம் வெட்டிய பக்கம் முழுதாக 90 சதவீத அளவில் வரும். 10.3 அங்குலத்தில் எதையும் வெட்டத் தேவையில்லை. ஈழத்துப் பழைய நூல்கள்தான் முக்கியமாக வாசிக்கப்போகிறீர்கள் என்றால் 6 அங்குலம் வாங்காதீர்கள். விலை குறைவு என்பதற்காக வாங்கிவிட்டு மேசைக்குள் போட்டுவைப்பதில் பயனில்லை. விற்பனைக்கு வரும் இபப் நாவல்கள் மட்டும்தான் என்றால் 6 அங்குலம் தாராளம்.

6 அங்குலம் ஏற்கெனவே கையில் இருந்தால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். பக்கப் படத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் சின்னப் படமாக வெட்டி, சிறிய திரைக்கு ஏற்றபடி திரும்ப அடுக்கும். எழுத்தை அடையாளம் காணும் வேலையே அதில் இல்லை, அதனால் தமிழ் என்பது தடையில்லை. கோரீடர் செயலிக்குள்ளும் இதே வசதி உண்டு. பக்கம் சரிந்து வருடப்பட்டிருந்தால் (ஸ்கான் ஆகியிருந்தால்) வரிகள் கலந்துவிடும், நிமிர்த்தும் தெரிவை முதலில் போடுங்கள். இரண்டு பக்கத்தைச் சேர்த்து வருடியிருந்தால் நடுவில் பிரித்துவிட்டுத் தொடங்குங்கள். செய்யுளுக்கு மட்டும் இந்த அடுக்கல் ஆகாது. தலபுராணம், கல்வெட்டுப் பாடல், அந்தாதி எதிலும் அடி உடைந்தால் எதுகை மோனை எல்லாம் சிதறிவிடும். அவற்றுக்கு ஓரத்தை மட்டும் வெட்டி, கிடையாக வைத்து வாசிப்பதே சரி.

சாம்பல்தீவு (#4)

அக்கா, போனிலயே வாசிச்சால் என்ன? தனியா ஒரு கருவி வேணுமா? கனபேரிட்ட போன் மட்டும்தான் இருக்கு.

பாலையூற்று (#5)

தாராளமாக வாசிக்கலாம், தம்பி. இபப் என்றால் போன் போதும். லிப்ரெரா, மூன்+ ரீடர் போன்ற செயலிகளில் எழுத்தளவைக் கூட்டி, வரி இடைவெளியை 1.4 அளவுக்கு வையுங்கள். தமிழில் மேலே விசிறி, கீழே உகரக் கால் என்று எழுத்து இரண்டு பக்கமும் நீளும், நெருக்கினால் கண் களைக்கும். இருபுறமும் சமனாக்கும் அமைப்பை நிறுத்தி, இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய திரையில் சமனாக்கினால் ஒரு வரியில் இரண்டே சொல் நின்று நடுவில் பெரிய வெளி விழும்.

வாசிப்புக் கருவிகளில் உள்ள மின்மைத் திரை (இ-இங்க்) எங்கே வெல்லும் என்றால் வெளிச்சத்தில். அது வெளியொளியைத் திருப்பித் தருவது. உப்புவெளிக் கடற்கரையில் காலை வெயிலிலும் எழுத்துத் தெளிவாக நிற்கும், போனில் உங்கள் முகம்தான் தெரியும். பக்கம் திருப்பும்போது மட்டும் மின் எடுப்பதால் பற்றரி வாரக்கணக்கில் நிற்கும். மின்வெட்டு வந்தாலும் கவலையில்லை.

கவனிக்கவேண்டியவை: இந்தக் கருவிகளின் இயங்கு வெப்ப எல்லை பொதுவாக 35 பாகை. ஆடி, ஆவணி மத்தியானத்தில் எங்கட ஊர் அதைத் தாண்டும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவைத்தால் திரை மங்கிப் பழைய எழுத்தின் நிழல் தங்கும், பற்றரியும் சீக்கிரம் தேயும். நீர்புகாக் கருவி என்று போட்டிருந்தாலும் அதற்கான ஐபிஎக்ஸ்8 சோதனை நன்னீரில் செய்வது. கடல்நீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சார்ஜ் துவாரம் முழுதாகக் காயும்வரை இணைக்காதீர்கள். ஈரத்தோடும் உப்போடும் மின் போனால் துவாரத்தின் ஊசிகள் பச்சை பிடித்து அரிக்கும்.

திரைக்கு உள்ளே மெல்லிய கண்ணாடி இருக்கிறது. புத்தகப்பையின் அடியில் போட்டு மேலே கொப்பிகளை அடுக்கினால் வெளியே கீறலே இல்லாமல் உள்ளே உடையும். மாற்றும் செலவு புதுக்கருவியின் விலையை நெருங்கும். கெட்டி உறை வாங்காமல் கருவி வாங்கவேண்டாம்.

மட்டிக்களி (#6)

கிண்டிலில் தமிழ் ஒழுங்காகத் தெரியுமா என்றும் சிலர் கேட்கிறார்கள்.

உவர்மலை (#7)

தெரியும். அமேசான் 2016 இறுதியில் தமிழ் மின்னூல் விற்கத் தொடங்கியது. அதன் பிறகு வந்த கருவிகளில் சிக்கல் இல்லை. சொந்தக் கோப்பை அனுப்ப இபப் போதும், 2022 முதல் "சென்ட் டு கிண்டில்" அதை ஏற்கிறது. பழைய மோபி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கோபோ வாசிப்புக் கருவி என்றால் அதை யூஎஸ்பியால் கணினியில் இணைத்து, "fonts" என்று ஆங்கிலப் பெயரில் கோப்புறை திறந்து, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போடுங்கள். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், புள்ளிவட்டம் தெரிந்தால் எழுத்துரு இருக்கிறது, அடுக்கும் திறன்தான் இல்லை. அதற்குக் கோரீடரில் திறப்பதே வழி.

மின்னூல்களை ஒழுங்குபடுத்தும் கலிபர் மென்பொருளில் நூல்களைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வட்டுக்குச் சேமிக்கும் அமைப்பில் பிறமொழி எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றும் தெரிவு உண்டு. அதை எடுத்துவிடாவிட்டால் தமிழ்த் தலைப்பெல்லாம் வாசிக்க முடியாத ஆங்கில ஒலிபெயர்ப்பாக மாறிவிடும்.

தம்பலகாமம் (#8)

அச்சுப் புத்தகத்தைப் பற்றி ஒருவரும் தொடவில்லை. ஆறுதலாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே புத்தகம் அழிவது பெரும்பாலும் தடுக்கக்கூடிய காரணங்களால்தான்.

முதலாவது ஈரப்பதன். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி முதல் தை வரை இங்கே அது சாதாரணம். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் 5 செ.மீ. விடுங்கள், மழைபடும் வெளிச்சுவர்ப் பக்கம் வேண்டவே வேண்டாம். அடித்தட்டு நிலத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்கினால் இடையில் காற்றுப் போகாது, ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி தூசிக்கு நல்லது, மாரிக்கு மோசம். வெயில் வரும் நாளில் கதவைத் திறந்து காற்றாடியைப் போட்டுவிடுங்கள். நல்ல புத்தகம் சிலவற்றை மட்டும் மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லுடன் வைக்கலாம். நிறம் மாறினால் 120 பாகையில் இரண்டு மணிநேரம் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். ஈரமான புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் நீங்களே பூஞ்சணம் வளர்க்கிறீர்கள், முதலில் காயவிடுங்கள்.

கனபேர் புத்தகத்தை முற்றத்து வெயிலில் விரித்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். நேர்வெயில் கடதாசியை மஞ்சளாக்கி முறியவைக்கும், அட்டை வளையும். நிழலும் காற்றும் போதும்.

இரண்டாவது பூச்சி. இராமபாணம் என்ற வெள்ளிப்பூச்சி கடதாசியின் மேற்பரப்பையும் பசையையும் ஒழுங்கில்லாமல் அரிக்கும். ஊசித்துளை போல நேராகக் குடைந்திருந்தால் அது வண்டின் புழு. கரப்பான் அட்டைத் துணியின் கஞ்சிப்பசையைத் தின்னும். கறையான் சுவர் வழியாக மண்பாதை கட்டிக்கொண்டு வரும், அதனால்தான் சுவரிலிருந்து இடைவெளி விடச் சொல்வது. வேப்பிலை வைத்தால் அது காய்ந்து தூளாகமுன் எடுத்துவிடுங்கள், ஈரமான இலை கறை போடும். பூச்சி பிடித்த புத்தகத்துக்கு மருந்தைவிட நல்ல வழி உறையவைப்பது. பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 பாகைக் குளிரூட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒருநாள் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த கடதாசியில் நீர் படியும்.

மூன்றாவது கட்டு. முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சிறுசிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் தையல் கட்டு, தலைமுறைக்கு நிற்கும். ஒரே வெட்டாகப் பசையில் நின்றால் ஒட்டுக் கட்டு. வெக்கையில் பசை இளகி, குளிரில் இறுகி, சில ஆண்டில் வெடித்துத் தாள் உதிரும். புதுசாக வாங்கியதும் முதுகை மேசையில் வைத்து, முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாறிமாறி மெல்ல அழுத்தித் திறந்துகொண்டு நடுவுக்கு வாருங்கள். நடுவில் ஒரேயடியாக மடக்கினால் முதுகு அங்கேயே பிளக்கும்.

தாள் உதிர்ந்த ஒட்டுக் கட்டுக்குச் செலோரேப் போடவேண்டாம். அதன் பசை சில ஆண்டில் பழுப்பாகி எழுத்துக்குள் ஊறும். அட்டையைக் கழற்றி, முதுகில் உள்ள பழைய பசையை அரத்தாளால் தேய்த்து எடுங்கள். தாள்களைத் தட்டிச் சமனாக்கி, ஒரு பக்கம் விசிறி போலச் சரித்து முதுகில் பிவிஏ என்ற வெள்ளைப் பசை பூசுங்கள். மறுபக்கம் சரித்துத் திரும்பப் பூசுங்கள். ஒவ்வொரு தாளின் விளிம்பிலும் ஒரு மில்லிமீற்றர் பசை ஏறும். நிமிர்த்தி, மெல்லிய பருத்தித் துணியை முதுகில் ஒட்டி, பாரத்தின் கீழ் 24 மணிநேரம் விட்டுப் பிறகு அட்டையைப் போடுங்கள். தையல் கட்டு நூலுக்கு இந்த வேலை செய்யக்கூடாது, அதைக் கட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சாம்பல்தீவு (#9)

மழைக்குள்ள கூரை ஒழுகி நனைஞ்சால்?

தம்பலகாமம் (#10)

48 மணிநேரத்துக்குள் காயவைக்கவேண்டும், அதன்பிறகு பூஞ்சணம். சொட்டச்சொட்ட நனைந்ததைத் திறக்காதீர்கள், கடதாசி கிழியும். மூடியபடி நிறுத்தி நீர் வடியவிடுங்கள். பிறகு இருபது தாளுக்கு ஒருக்கால் அச்சில்லாத வெள்ளை உறிஞ்சு கடதாசி வையுங்கள், அது நனைய நனைய மாற்றுங்கள். செய்தித்தாளின் மை ஏறும். அரைகுறையாகக் காய்ந்ததும் விசிறியாக விரித்து நிறுத்தி, காற்றாடியை நேரே அடிக்கவிடாமல் அறைக்குள் ஓடவிடுங்கள். முற்றாகக் காயமுன் சற்று ஈரம் இருக்கும்போது பாரம் வைத்தால் நெளிவு குறையும். வழுவழுப்பான படத்தாள் நூல் காய்ந்தால் தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. அதையும், அளவுக்கு அதிகமாக நனைந்தவற்றையும் உடனே பையிலிட்டு உறையவைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம்.

கிண்ணியாத்துறை (#11)

ஒலிநூலுக்கு வருவோம். கொழும்புக்குப் போகும் இரவுத் தபால் ரயிலிலும், மட்டக்களப்பு பஸ்ஸிலும் அச்சு வாசிக்க வெளிச்சமும் இல்லை, ஆட்டமும் விடாது. அங்கே ஒலிதான்.

அளவுக் கணக்கு: ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிற் எம்பி3 என்றால் ஒரு மணிநேரம் ஏறக்குறைய 29 எம்பி. பத்து மணிநேர நூல் 290 எம்பி. 128 கிலோபிற் என்றால் இரட்டிப்பு. பேச்சுக்கு 64 போதும். வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஓடவிட்டுக் கேட்கலாம் என்று நம்பாமல் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு நூல் எவ்வளவு நேரம் வரும் என்று அறிய, ஒரு பக்கத்தை இயல்பான வேகத்தில் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் 300 பக்கம் பத்து மணிநேரம்.

அத்தியாயக் கோப்புகள் 1, 10, 11, 2 என்ற வரிசையில் ஓடுவது பலருக்கும் வரும் தலையிடி. 01, 02 என்று பெயரை மாற்றுங்கள், நூறுக்கு மேல் இருந்தால் 001. பாட்டுச் செயலியில் போடாமல் நூலுக்கென்ற செயலியில் போடுங்கள். விட்ட இடத்தை நினைவில் வைக்கும், தூக்க நேரம் வைக்கலாம், 30 செக்கன் பின்னே போகலாம். எம்4பி வடிவம் என்றால் முழு நூலும் ஒரே கோப்பில், அத்தியாயக் குறியோடு வரும்.

பஸ்ஸில் பாட்டும் இரைச்சலும் கூடும்போது ஒலியை ஏற்றத்தான் கை போகும். 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணிநேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. காதை அடைக்கும் இறப்பர் முனை உள்ள இயர்போன் வெளிச்சத்தத்தைக் குறைக்கும், ஒலியை ஏற்றத் தேவை வராது. தெருவில் நடக்கும்போது ஒரு காது திறந்திருக்கட்டும்.

எது ஒலிக்குப் பொருந்தும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பேச்சுவழக்கு நிறைந்த கதை, நாவல், பயணக் கட்டுரை, நாட்டார் கதை எல்லாம் ஒலியில் அச்சைவிட உயரும், வாசிப்பவர் அந்தப் பிரதேசத்துக் குரலாக இருந்தால். மூதூரில் நடக்கும் கதையின் உரையாடலைச் சென்னை உச்சரிப்பில் வாசித்தால் பாத்திரமே மாறிவிடும். அடிக்குறிப்பு, அட்டவணை, வமிசாவளி, இலக்கண உரை என்பவை காதில் நிற்காது.

உள்துறைமுகம் (#12)

உயர்தர மாணவர்கள் இதை வாசித்தால் ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த பாடங்களைத் திரையில் வாசித்தவர்களைவிட அச்சில் வாசித்தவர்கள் கூடுதலாக விளங்கிக்கொண்டார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தபோது வேறுபாடு கூடியது. கதை வாசிப்பில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே பாடப்புத்தகமும் கடந்தகால வினாத்தாளும் அச்சில், நாவல் எதிலும் என்று பிரிப்பது நியாயம்.

திரையில்தான் படிக்கவேண்டும் என்றால் உருட்டிக்கொண்டு போகும் முறையை நிறுத்திப் பக்கம் பக்கமாகத் திருப்பும் அமைப்பில் வையுங்கள். குறிப்பைக் கொப்பியில் எழுதுங்கள். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

உவர்மலை (#13)

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மீட்டல் நேரத்தில் தேடலின் பெறுமதியை விடக்கூடாது. 400 பக்க நூலில் ஒரு பெயர் எங்கெங்கே வருகிறது என்பதை அச்சில் சொல்லடைவு இல்லாமல் பிடிக்க முடியாது. பல தமிழ் நூல்களில் அது கிடையாது.

தமிழில் தேடத் தெரியவேண்டும். "மரம்" என்று தேடினால் "மரத்தில்", "மரங்கள்" அகப்படாது, "மர" என்று தேடுங்கள். "ஒள" என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் "ஔ" என்று தேடி வராது. துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் "ர" தட்டப்பட்ட நூல்களும் உண்டு. சந்தேகமான எழுத்தை விட்டுச் சொல்லின் மற்றப் பகுதியைத் தேடுவது நல்லது.

மட்டிக்களி (#14)

பார்வை குறைந்த முதியவர்களுக்கு ஒலிநூலாக இல்லாத நூலைக் கைபேசி வாசித்துக் காட்டுமா?

பாலையூற்று (#15)

காட்டும். ஆண்ட்ரொய்டில் அமைப்புகளுக்குள் போய், எழுத்திலிருந்து பேச்சு என்ற பகுதியில் கூகுள் இயந்திரத்தைத் தெரிவுசெய்து, தமிழ் (இந்தியா) குரல் தரவை இறக்குங்கள். இறக்கியபின் இணையம் இல்லாமலும் ஓடும். பிறகு லிப்ரெராவிலோ மூன்+ ரீடரிலோ இபப்பைத் திறந்து ஒலிபெருக்கிக் குறியை அழுத்தலாம். வேகத்தை 0.8, 0.9 அளவில் தொடங்குங்கள்.

குறைகளும் உண்டு. தமிழில் ஒரே "க" மூன்று விதமாக ஒலிக்கும், பிறமொழிச் சொற்களில் இயந்திரம் தடுமாறும். "கி.பி.", "செ.மீ." போன்ற சுருக்கங்களின் புள்ளியில் வசனம் முடிந்ததாக நிற்கும். பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு வரி முடிவிலும் இடைவெளி விடும், பக்கத் தலைப்பையும் எண்ணையும் கதைக்கு நடுவில் வாசிக்கும்.

பக்கப் படமாக இருந்தால் முதலில் எழுத்தாக்கவேண்டும். பிடிஎஃபைப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்து வரும். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. கணினியில் செய்ய விரும்பினால் டெசராக்ட் என்ற எழுத்தறி மென்பொருளில் தமிழ் உண்டு. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் அச்சிட்ட நூல்களில் பிழை மலியும்: பழைய ணை, லை, னை வடிவங்களும் சேர்த்தெழுதிய ணா, றா, னா வடிவங்களும் வேறு எழுத்தாகப் பிடிபடும். காதால் கேட்கும்போது இந்தப் பிழைகள் கண்ணால் வாசிப்பதைவிடப் பல மடங்கு உறுத்தும்.

திருக்கடலூர் (#16)

அப்படியான நூலை மனிதக் குரலில் பதிவு செய்து கொடுப்பதே மேல். கைபேசியே போதும். வாயிலிருந்து 15–20 செ.மீ. தூரத்தில், வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், "ப" ஒலியின் காற்று ஒலிவாங்கியில் அடிக்காது. உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் இருந்து வாசித்தால் எதிரொலி அடங்கும். காற்றாடியை நிறுத்தவேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் சோழகம் வீசும் மாதங்களில் யன்னல் இடுக்கின் ஊளை பதிவாகும். காகமும் வாகனமும் ஒலிபெருக்கிகளும் அடங்கிய இரவு பத்துக்குப் பின்னான நேரம் தோது.

தடுமாறினால் பதிவை நிறுத்தாமல் ஒரு கை தட்டி, அந்த வசனத்தைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். கைதட்டல் அலைவரைபில் கூராகத் தெரியும், ஓடாசிற்றி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் வெட்டுவது இலகு. இரைச்சலை நீக்க, தொடக்கத்தில் ஐந்து செக்கன் அமைதியைப் பதிந்து அதை மாதிரியாகக் கொடுங்கள். அளவுக்கு மிஞ்சி நீக்கினால் குரல் தகரத்துக்குள் இருந்து வருவதுபோலாகும். 44.1 கிலோஹேர்ட்ஸ், ஒற்றைத் தடம், 128 கிலோபிற் என்பது இலவச ஒலிநூல் தளமான லிப்ரிவாக்ஸ் தன்னார்வலர்களின் அளவு, அதையே பின்பற்றலாம். ஒரு மணிநேர ஒலிக்கு இரண்டு மூன்று மணிநேர வேலை பிடிக்கும். 20 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வாசித்தால் குரல் தளர்வது கேட்பவருக்குத் தெரியும்.

உள்துறைமுகம் (#17)

உரிமையையும் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, இந்தியாவில் 60. அதற்குள் உள்ள நூலைப் பதிவு செய்து பகிரும் முன் எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்டால் ஈழத்து எழுத்தாளர்கள் அநேகமாகத் தருவார்கள். பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான 2013ஆம் ஆண்டின் மராக்கேஷ் ஒப்பந்தத்தில் இலங்கையும் இணைந்திருக்கிறது. ஆனால் அது அவர்களுக்காகச் செய்யும் படிகளுக்கானது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் போடுவதற்கு அதைக் காட்ட முடியாது. இன்றைய நூல் ஒன்றின் பிடிஎஃபை அப்படிப் பரப்பினால், 300 பிரதி அடித்து விற்கப் பாடுபடும் எழுத்தாளருக்கு அடுத்த நூல் போட வழி இருக்காது.

சாம்பல்தீவு (#18)

கம்பசுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதேக்க மின்னூலில இருந்து எப்படிப் பக்க எண் குடுக்கிறது, சேர்? எழுத்தைப் பெருப்பிச்சால் பக்கம் மாறுதே.

உள்துறைமுகம் (#19)

இபப்பில் பக்க எண்ணை நம்பாதீர்கள், தம்பி. அத்தியாயமும் பந்தி எண்ணும் கொடுங்கள். ஒலிநூல் என்றால் அத்தியாயமும் நிமிடமும். மேற்கோள் எடுக்கப்போகும் நூலுக்குப் பக்கப் படப் பிடிஎஃப் கிடைத்தால் அதுவே நல்லது, அச்சுப் பிரதியின் பக்க எண் படத்திலேயே இருக்கும். செயலியின் கீழே காட்டும் எண்ணை எழுதிவிடாதீர்கள். அட்டையும் முன்னுரையும் சேர்ந்து அச்சின் 1ஆம் பக்கம் பிடிஎஃபில் 9ஆவதாக நின்றால், காட்டும் எண்ணிலிருந்து 8ஐக் கழிக்கவேண்டும். இடையில் எண்ணில்லாத படத்தாள் வந்தாலோ, வருடும்போது ஒரு பக்கம் விடுபட்டாலோ இந்தக் கணக்கு மாறிவிடும், ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் படத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்பதையும் குறியுங்கள், இரண்டாம் பதிப்பில் பக்கங்கள் நகர்ந்திருக்கும்.